பேட்டரி மேல் விழும் பழி

காரின் சார்ஜிங் கோளாறைப் பார்க்கும் வேலை பேட்டரியில் தொடங்கும். அங்கேயே முடிந்துவிடக் கூடாது. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரி, அதுவும் இரண்டு மாதத்தில் படுத்துவிட்டால் புது ஆல்டர்னேட்டர் என்று மாற்றிக்கொண்டே போவது இன்றைக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு சாதாரண மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் இருந்தால் வீட்டு வாசலிலேயே கோளாறின் இருப்பிடம் தெரிந்துவிடும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில்தான் முதல் அளவை எடுக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. ஓடி வந்து நிறுத்திய கையோடு மீட்டர் வைத்தால் வருவது பொய்க் கணக்கு. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவே ஆல்டர்னேட்டரை ஆளும் புதிய வண்டிகளில் வோல்ட் தானாக இறங்கி ஏறும். அவற்றில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் நிம்மதி கொள்ள ஒன்றுமில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் அந்த பல்ப் வழியாகத்தான் ரோட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்ப் போனால் ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பேட்டரி மெலிந்துகொண்டே போகும் வண்டிகள் உண்டு. தொழில் தெரிந்த கையும் தெரியாத கையும் பிரிவது இங்கேதான். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுக்கும். பேட்டரிக்கு வந்து சேர்வது 13.2. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருந்து தன் வாசலில் உள்ள வோல்ட்டைத்தான் பார்க்கிறது. அதன் கணக்கில் குறையே இல்லை. கழற்றி பெஞ்சில் வைத்தாலும் நல்லது என்றே வரும்.

வழியில் காணாமல் போகும் அந்த ஒரு வோல்ட்டைப் பிடிக்க ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினை 2000 ஆர்.பி.எம்.மில் வைக்க வேண்டும். கரண்ட் ஓடாமல் இந்தக் கோளாறு தலைகாட்டாது. பெல்ட் பக்கம் கையோ துணியோ போகாமல், மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலும், மறு முனையைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் வைக்க வேண்டும். கிளாம்பில் அல்ல, ஈயத்திலேயே. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதேபோல ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து மைனஸ் முனைக்கும் பார்க்க வேண்டும்.

ஓம் வைத்துப் பார்த்து “ஒயர் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிடுவது இளம் கைகளின் அவசரம். இழைகளில் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்யம் காட்டும். 40 ஆம்பியர் ஓடும் ஒயரில் 0.02 ஓம் தடை இருந்தாலே 0.8 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரில் 0.02 ஓம் தெரியவே தெரியாது.

பல வண்டிகளில் குற்றவாளி, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயர். வெளியே போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றித் திருப்பினால் லக்கின் அடியில் பச்சைக் களிம்பு. செம்பு இழைகள் விரல் பட்டதும் பொடியாக உதிரும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் வரும். எமரி தாளால் தேய்த்து, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு புது ஒயரை முடுக்கினால் அந்த வோல்ட் திரும்பிவிடும்.

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஓடும் வண்டியின் பேட்டரியில் 0.5-க்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போயிருக்கிறது. ராத்திரியில் பேட்டரியை இறக்குவதும் அதுவாக இருக்கலாம்.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, எஞ்சின் அணையாவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று சொல்லும் சோதனை இன்றும் பட்டறைகளில் நடக்கிறது. டைனமோ காலத்து வித்தை அது. தாங்கிப் பிடிக்கப் பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்ட் நூறு வரைகூட எகிறும். ஈசியூ, டயோடு, ரெகுலேட்டர் எதுவும் போகலாம். அப்படிக் கழற்றக் கை நீட்டுகிறவர் எத்தனை வருட அனுபவக்காரராக இருந்தாலும் வண்டியைத் தொட விடாதீர்கள்.