காட்பாடியில் ஏறிய பெரியவர்

சென்ட்ரலில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் கிளம்பியதும், எல்லோரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் நோட்டைப் பிரித்தேன். மாலை நாலு மணிக்குப் பெங்களூரில் இன்டர்வியூ. வேலை போய் ஐந்து மாதம். 'பரவாயில்லை' என்று சொல்வதை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள்.

இந்த இன்டர்வியூவில் புரோகிராம் எழுதச் சொல்ல மாட்டார்கள். கதை கேட்பார்கள். 'ஸாஃப்ட்வேரை வடிவமைக்கும்போது நீங்கள் எடுத்த பெரிய முடிவு என்ன? ஏன் எடுத்தீர்கள்? என்ன ஆச்சு?' பதில் சொல்ல 'ஸ்டார்' என்று ஒரு சூத்திரம் உண்டு. நிலைமை, பொறுப்பு, செய்த காரியம், விளைவு. இந்த வரிசையில் நாலு கதை எழுதியிருந்தேன். நாலிலும் நான்தான் ஹீரோ.

அரக்கோணம் தாண்டியும் என் உதடு அசைந்துகொண்டே இருந்தது. காட்பாடியில் ஏறிய பெரியவர், "ஸ்லோகமா தம்பி?" என்றார். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவராம். விஷயத்தைச் சொன்னேன். "என்கிட்டே சொல்லிப் பாருங்களேன்!"

ஆம்பூர்த் தோல் ஃபாக்டரிகள் வருவதற்குள் மூன்று கதை முடிந்தது.

"எல்லாத்திலேயும் ஜெயிச்சிருக்கீங்களே... அப்புறம் ஏன் வேலை போச்சு?"

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரே புரோகிராமைப் பன்னிரண்டு துண்டாக்கினேன். டீமில் நாலே பேர். எது படுத்தது என்று தேடுவதிலேயே ராத்திரி கழியும். தீபாவளி விற்பனையன்று மொத்தமும் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. நோட்டில் இதை 'டீம் எடுத்த முடிவு' என்று எழுதியிருந்தேன்.

பெரியவர் சிரித்தார். "பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் 1000. 1870 வாக்கிலே சர்க்கார்கிட்டே பணமில்லே. கொஞ்ச செலவிலே ரொம்ப தூரம் போடணும்னு மீட்டர் கேஜ் போட்டான். மெட்ராஸ்லேருந்து பெங்களூருக்கு அகலப் பாதை, அங்கேருந்து மைசூருக்குக் குறுகல் பாதை. மூட்டையை இறக்கி ஏத்தியே இடுப்பு ஒடிஞ்சுது. 1992-லே எல்லாத்தையும் அகலமாக்கத் திட்டம் போட்டாங்க. அதுக்காக முதல்லே போட்டவன் முட்டாளா? அன்னிக்கு என்ன தெரியும், வேற வழி என்ன இருந்தது, எதை விட்டுக்கொடுத்தான், எங்கே உதைச்சுது... இதைச் சொல்றவன் என்ஜினீயர். 'கமிட்டி முடிவு'ன்னு எழுதறவன் கிளார்க். நான் முப்பது வருஷம் கிளார்க், எனக்குத் தெரியாதா?"

ஏலகிரி மலை பின்னால் போயிற்று. ஜோலார்பேட்டைக்கு அப்பால் ரயில் மேடேற, நான் நோட்டில் 'டீம்' வந்த இடத்தையெல்லாம் அடித்து 'நான்' என்று மாற்றினேன். பங்காருப்பேட்டையில் பெரியவர் இறங்கும்போது கதை தயார்.

இன்டர்வியூவில் முதல் கேள்வியே, "தப்பாகப் போன முடிவு ஏதாவது?" இருபது நிமிஷம் பேசினேன். "இப்போது என்றால்?" என்றார்கள். "நாலு பேருக்கு ஒரே புரோகிராம் போதும். பணம் கட்டும் பகுதியை மட்டும் தனியாகப் பிரிப்பேன்" என்றேன்.

பத்தாம் நாள் ஆர்டர் வந்தது.

"எந்தக் கதைக்குக் கிடைச்சுது?" என்றாள் மனைவி.

"தோத்த கதைக்கு."

"கவலையே இல்லை. உங்ககிட்டே அந்த ஸ்டாக் நிறைய இருக்கே!"