எலப்புள்ளிக்கு ஒரு டிக்கெட்

அக்டோபர் 16, எலப்புள்ளி

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் இருக்கிறது எலப்புள்ளி. பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் ஊர்ப்பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு வினாடி வேலை. திக்குகிறவருக்கோ அதுதான் அன்றைய பெரிய சோதனை. ‘எ’ என்று தொடங்குவதற்குள் தொண்டையில் குரல்நாண்கள் இறுகிக்கொள்கின்றன. வாய் திறந்திருக்கிறது, காற்றும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. கண்டக்டர் மெஷினைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். பின்னாலிருந்து யாரோ ஊரை ஊகித்துச் சொல்கிறார்கள், அதுவும் தப்பாக.

இப்படி அடிக்கடி மாட்டிக்கொள்கிறவர்கள் தப்பிக்க வழி தேடிக்கொள்கிறார்கள். வாயில் எளிதாக வரும் அடுத்த ஸ்டாப்பின் பெயரைச் சொல்லி, கூடுதல் காசு கொடுத்து, தன் ஊரில் இறங்கிவிடலாம். ஓட்டலில் தோசை சாப்பிட ஆசை. ‘தோ’ வராது என்று தெரிந்ததும் இட்லி கேட்டுவிடலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் திக்கவே இல்லை. உள்ளே அவர் படும் பாடு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் 17

பெரியவர்களில் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவர் திக்குகிறார். குழந்தைகளில் இது இன்னும் அதிகம்: சுமார் 5 சதவீதம். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்கும். நான்கில் மூன்று குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற கணக்கில் தங்கிவிடுகிறது.

பயந்ததால் வந்தது, அப்பா அதட்டியதால் வந்தது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவார்கள். அதனால் திக்கு நீங்கும் என்பதற்குச் சான்று கிடையாது. பேச்சின் அசைவுகளை நேரம் தவறாமல் ஒருங்கிணைக்கும் மூளையின் வேலையில் உள்ள வேறுபாடு இது, குடும்பவழியாகவும் வருகிறது. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் டென்னிஸ் டிரைனா குழுவினர் பாகிஸ்தான் குடும்பங்களிலிருந்து தொடங்கி ஆராய்ந்து, திக்குவாயோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை 2010-இல் வெளியிட்டார்கள்.

திக்குகிறவர் பாட்டுப் பாடினால் பெரும்பாலும் திக்குவதில்லை. இன்னொருவரோடு சேர்ந்து வாசித்தாலும் சரளமாக வரும். நாக்கில் கோளாறு இருந்தால் பாட்டும் தடுமாறியிருக்க வேண்டுமே!

அக்டோபர் 18, பட்டாம்பி

இதே பாலக்காடு மாவட்டத்தின் இன்னொரு கோடியில் இருக்கும் பட்டாம்பி, 1960, 1967, 1970 தேர்தல்களில் ஒரே மனிதரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. 1957 ஏப்ரல் 5-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சராகப் பதவியேற்றவர். 1967-இல் மறுபடியும் முதலமைச்சரானவர். சிறுவயது முதல் கடைசிவரை திக்கித்தான் பேசினார்.

பொதுக்கூட்டமோ, சட்டமன்றமோ, பத்திரிகையாளர் சந்திப்போ, அவர் எதையும் தவிர்க்கவில்லை. ஒரு சொல்லில் நின்றால் கூட்டமும் அங்கேயே காத்திருந்தது. “எப்போதுமே திக்குவீர்களா?” என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டாராம். “இல்லை, பேசும்போது மட்டும்தான்” என்றாராம். கேரளத்தில் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும் நிகழ்ச்சி இது.

அவர் திக்கை வென்றார் என்று எழுதுவது வழக்கம். உண்மை அதைவிடப் பெரியது. திக்கு அவரோடே இருந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அக்டோபர் 19, கொழிஞ்சாம்பாறை

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி என்பதால்தான் பிள்ளை திக்குகிறது என்று இந்த எல்லைப் பகுதியில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு மொழியை நிறுத்தினால் பாட்டியோடு பேசும் பேச்சுத்தான் நின்றுபோகும்.

குழந்தையைத் திருத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. 1939-இல் அமெரிக்காவின் அயோவாவில் அனாதை இல்லக் குழந்தைகள் 22 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. சரளமாகப் பேசிய சில குழந்தைகளிடமும் ‘உன் பேச்சு சரியில்லை’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் பேசவே தயங்கி ஒதுங்கினார்கள். அயோவா பல்கலைக்கழகம் 2001-இல் மன்னிப்புக் கேட்டது.

சின்னக் குழந்தைக்கு உதவி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. சில மாதங்களாகியும் திக்கு குறையவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்துவிட வேண்டும். மைசூரில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இயங்குகிறது. திருவனந்தபுரத்தில் 1997-இல் தொடங்கிய ‘நிஷ்’ என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. எலப்புள்ளிக்காரர்களுக்கு இரண்டுமே தூரம். மூணாறு தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அப்படியே. வீட்டுக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான உரிமை.

அக்டோபர் 21

பெரியவர்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. ‘தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்’ என்ற அமைப்பில் திக்குகிறவர்களே கூடி, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்கள். இங்கே யாரும் யாருடைய வாக்கியத்தையும் முடித்துவைப்பதில்லை.

அவர்கள் பழகும் முறைகளில் ஒன்று, வேண்டுமென்றே திக்குவது. “எ-எ-எலப்புள்ளி ஒண்ணு” என்று தானாகவே, நிதானமாக, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்வது. மறைக்க ஒன்றும் இல்லை என்றானதும் பாதி பயம் இறங்கிவிடுகிறது. இன்னொரு முறை, அடைப்பில் மாட்டியதும் முட்டி மோதாமல், இறுக்கத்தைத் தளர்த்தி மெல்ல நழுவி வெளியே வருவது. இதை வகுத்துக்கொடுத்த சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் திக்கியவர்தான்.

அக்டோபர் 22

1998 முதல் ஆண்டுதோறும் இந்த நாள் உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். ஈ.எம்.எஸ். மறைந்ததும் அந்த ஆண்டு மார்ச்சில்தான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சுக் குறைபாட்டுக்குச் சொல்லும் உதாரணங்கள், குரல்வளை அகற்றப்பட்ட நிலையும் மூளைப் பாதிப்பால் பேச்சிழந்த நிலையும். திக்குவாய் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. வாய்மொழித் தேர்வில் கூடுதல் நேரம் கிடைப்பது எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனதைப் பொறுத்ததாகிவிடுகிறது. சட்டம் மாற வேண்டும். அதுவரைக்கும், அடுத்த வைவாவுக்கு முன்பே ஆசிரியர் அந்த மாணவரைத் தனியாக அழைத்து, மதிப்பெண் பதிலுக்குத்தான், வேகத்துக்கு அல்ல என்று சொல்லி, எவ்வளவு நேரம் வேண்டும் என்று அவரையே கேட்டுவிடலாம்.