இடது விலாவின் கீழ்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் வடபகுதிச் சனம் விசாவுக்காகக் காத்துக்கிடந்த காலம். கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில், தண்ணீர்க் குழாயடியில், இரண்டு வன்னிப் பெடியங்களுக்கு வாய்த்தர்க்கம். ஒருவன் மற்றவனின் இடது விலாவின் கீழ் குத்திவிட்டான். குத்துப்பட்டவன் அன்றிரவே இறந்துபோனான். குத்தியவனுக்காக நான் தோன்றினேன். குற்றச்சாட்டு, கொலையாகாத மனிதக்கொலை. "சேர், ஒரே ஒரு குத்துத்தான்" என்று அழுதான்.

இறந்தவனின் மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் பெருகியிருந்தது. 150 கிராம் அளவில் இருக்கவேண்டிய உறுப்பு 800 கிராமைத் தாண்டியிருந்தது. ஏன் என்று சட்ட வைத்திய அதிகாரியிடம் குறுக்கு விசாரணையில் கேட்டேன். ஈரல் சுருங்கினாலும் மண்ணீரல் வீங்கும். தலசீமியா, இரத்தப் புற்றுநோய், நெருப்புக் காய்ச்சல் வந்தாலும் வீங்கும். ஆனால் இவனுடைய ஈரல் நன்றாக இருந்தது. மண்ணீரல் திசுவில் மலேரியா விட்டுச்சென்ற கருநிறப் படிவு. திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்ட உடம்பு.

உயிரோடு இருக்கும்போது தெரிந்திருக்குமா? மல்லாக்கக் கிடத்தி, வலது அடிவயிற்றிலிருந்து இடது விலாவை நோக்கி விரல்களை அழுத்திக்கொண்டு போய், மூச்சை இழுக்கச் சொன்னால் இவ்வளவு பெரியது கையில் தட்டுப்படும் என்றார் அவர். ஸ்கேன் அளவைக் காட்டும், இரத்தப் பரிசோதனை காரணத்தைத் தேட உதவும். பிரிட்டிஷ் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றை இப்படித் தடவித்தான் ஓர் ஊரின் மலேரியாவைக் கணக்கிட்டார்கள். இந்தப் பெடியனின் வயிற்றில் ஒருவரும் கைவைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 293ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: நோயாளியைக் காயப்படுத்தி அவன் சாவை விரைவாக்கினால், சாவை விளைவித்தவன் அடித்தவனே. 'வீங்கிய மண்ணீரல்' என்ற வாதத்துக்கு அசிங்கமான வரலாறும் உண்டு. ஆக்ராவில் புல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் அடித்த அடியில் அவருடைய குதிரைக்காரன் கட்வாரு மண்ணீரல் வெடித்து இறந்தான். தண்டனை 30 ரூபாய் அபராதம். 1876இல் வைஸ்ராய் லிட்டனே அதைக் கண்டித்தார். அந்த வரிசையில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. சாவுக்குக் காரணம் எங்கள் குத்துத்தான் என்று மன்றில் ஒப்புக்கொண்டேன். சாவு வரலாம் என்ற அறிவு அவனுக்கு இருந்ததா என்பதை மட்டும் வாதாடினேன்.

அதற்கு முன், விளக்கமறியலில் இருந்த அவனையும் பரிசோதிக்க விண்ணப்பித்திருந்தேன். அவனுக்கும் மண்ணீரல் விலாவுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. தன் உடம்பில் இருப்பதே தெரியாதவன் மற்றவனின் உடம்பை எப்படி அறிந்திருப்பான் என்று கேட்டேன்.

மனிதக்கொலைக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. காயம் விளைவித்ததற்கு மட்டும் தண்டனை. இறந்தவனின் தாய்க்கு நட்டஈடு. வெளியே வந்ததும் அவனுக்கு மலேரியா மருந்து தொடங்கியாயிற்றா என்றுதான் முதலில் விசாரித்தேன்.