1,033 பேர் நின்ன மொடக்குறிச்சி

மொடக்குறிச்சின்னு வெளியூர்ல சொன்னா, கொஞ்சம் வயசானவங்க உடனே கேக்கறது, "அந்த ஆயிரம் பேர் எலெக்‌ஷன்ல நின்ன ஊருங்களா?"ன்னுதான். ஆமாங்க, அதே ஊர்தான். 1996 சட்டமன்றத் தேர்தல்ல எங்க தொகுதியில 1,033 பேர் போட்டி போட்டாங்க. இந்தியாவுல ஒரே தொகுதியில இத்தனை பேர் நின்னது அதுக்கு முன்னாடியும் இல்லை, அப்புறமும் இல்லை. ஓட்டுச்சீட்டைச் சீட்டா அடிக்க முடியாம புஸ்தகமாவே அடிச்சாங்க. தமிழ்நாடு பூரா ஓட்டுப் போட்டு முடிச்ச பிறகு, எங்களுக்கு மட்டும் தனியா ஒரு நாள் வெச்சு நடத்துனாங்க.

நின்னவங்கள்ல பெரும்பாலானவங்க விவசாயிங்க. ஜெயிக்கோணும்னு யாரும் நிக்கலை. எந்த ஆட்சி வந்தாலும் மனுவை வாங்கி வெச்சுக்கறாங்க, வேலை மட்டும் நடக்கறதில்லைங்கற கோவம். எங்க பெரியப்பாவும் அதுல ஒருத்தர். அப்ப டெபாசிட் 250 ரூபாய். போனாப் போகுதுன்னு கட்டிட்டு வந்தார். பெரியம்மா ரெண்டு நாள் பேசலை. கோவம் காசுக்காக இல்லை, தன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னு.

நின்னவங்கள்ல 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழலை. இதைச் சொல்லி இன்னிக்கும் சிரிக்கறாங்க, "தன் ஓட்டையே தனக்குப் போட்டுக்கலியா?"ன்னு. ஆனா விஷயம் இருக்குதுங்க. சட்டமன்றத்துக்கு நிக்கறவருக்குத் தமிழ்நாட்டுல எந்தத் தொகுதியிலயாவது ஓட்டு இருந்தாப் போதும், நிக்கற தொகுதியிலயே இருக்கோணும்னு இல்லை. வெளியில இருந்து வந்து நின்னவருக்கு இங்க ஓட்டே கிடையாது, தனக்குத் தானே எப்படிப் போடறது? உள்ளூர்க்காரங்க கதை வேற. அந்த வருசம் ஜெயலலிதாவே பர்கூர்ல தோத்தாங்க, அடிச்ச அலை அப்படி. புஸ்தகத்தைப் பிரிச்சவங்க தன் பேரைத் தேடலை, சூரியனைத் தேடுனாங்க. பெரியப்பாவும் சூரியனுக்குத்தான் குத்துனேன்னு பல வருசம் கழிச்சு ஒரு கிடாவிருந்துல ஒத்துக்கிட்டார்.

ஜெயிச்சவங்க தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். புதுசா வந்தவங்க இல்லை. 1977-லயே இதே மொடக்குறிச்சியில அ.தி.மு.க. சார்பா ஜெயிச்சு, எம்.ஜி.ஆர். மந்திரி சபையில இருந்தவங்க. அப்புறம் தி.மு.க.வுக்கு வந்து, 1989-ல ஈரோட்டுல ஜெயிச்சு கலைஞர் மந்திரி சபையிலயும் இருந்தாங்க. பின்னாடி 2004-ல திருச்செங்கோட்டுல எம்.பி. ஆகி மத்திய இணை அமைச்சராவும் ஆனாங்க. இப்படிப்பட்டவங்களை எதிர்த்து ஆயிரம் பேர் ஆளுக்கு ஒண்ணும் ரெண்டும்னு ஓட்டைப் பிரிச்சுக்கிட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகலை. நின்னவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் டெபாசிட் போச்சு.

ஒண்ணு மட்டும் ஆச்சு. அந்த வருசம் நாடாளுமன்றத் தேர்தல்லயும் நல்கொண்டாவுல 480 பேர், பெல்காம்ல 456 பேர்னு நின்னிருந்தாங்க. மூணு ஊரையும் பாத்து டெல்லியில உடனே சட்டத்தைத் திருத்துனாங்க. சட்டமன்ற டெபாசிட் 250-ல இருந்து 5,000 ஆச்சு. சுயேச்சைக்கு 10 பேர் முன்மொழியோணும்னு ஆச்சு. இப்ப அந்த டெபாசிட் 10,000. அதே 1,033 பேர் இன்னிக்கு நிக்கோணும்னா ஒரு கோடிக்கு மேல கட்டோணும். நாங்க எதுக்காக நின்னோம்னு கேக்கறதுக்கு ஆளில்லை, இனி நிக்காம இருக்கறதுக்கு வழி பண்ணிட்டாங்க.

அந்த அஞ்சு வருசத்துல விவசாயிக்கு ஒண்ணுமே நடக்கலைன்னும் சொல்ல மாட்டேன். 1999-ல உழவர் சந்தை வந்துது. காய் கொண்டு போறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு கமிஷன் மண்டிக்குப் போய்ப் பழகுனவங்களுக்குத் தெரியும். ஆனா அது மாநிலம் முழுசுக்கும் வந்த திட்டம். எம்.எல்.ஏ. கையில என்ன இருக்குதுன்னு யோசிச்சா, நமக்கு வேணுங்கறதுல பாதி அவங்க கையில இல்லை. கீழ்பவானித் தண்ணிக்கு அரசாணை சென்னையில போடோணும், மஞ்சள் விலை வியாபாரிங்க கையில. மதகு திறக்கற அன்னிக்குப் பூத் தூவறதுக்கு மட்டும் யாரா இருந்தாலும் தவறாம வந்துடறாங்க. அந்த அரசாணை பத்து நாள் முன்னாடி வர வைக்கறதுக்கு நடந்தவங்க யாரு, நடக்காதவங்க யாருன்னு பாத்துத்தான் நான் எம்.எல்.ஏ.வை எடை போடுவேன்.

2021-க்கு வருவோம். அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், அதே மொடக்குறிச்சி. எதிர்ல பா.ஜ.க.வின் சரஸ்வதி, டாக்டர். தி.மு.க. ஆட்சியைப் பிடிச்சுது, ஆனா இவங்க தோத்துட்டாங்க. வித்தியாசம் வெறும் 281 ஓட்டு. ரெண்டு தெரு ஆளுங்க. 141 பேர் மனசு மாறியிருந்தா எம்.எல்.ஏ. மாறியிருப்பாங்க. அடுத்த வருசமே கட்சியை விட்டும் விலகிட்டாங்க. 1996-ல அவங்களை எதிர்த்து நின்னவங்கள்ல மூணுல ஒரு பங்கு ஆளுங்க கூட இல்லைங்க இந்த 281. அன்னிக்கு ஆயிரம் பேர் நின்னு அசைக்க முடியாததை இது அசைச்சுது.

பெரியப்பா இருந்திருந்தா இதை ஒத்துக்க மாட்டார். "நாங்க நின்னதாலதான் மொடக்குறிச்சின்னு ஒரு ஊர் இருக்குதுன்னு டெல்லிக்குத் தெரிஞ்சுது"ன்னு சொல்லுவார். அதுவும் நெசம்தான்.

ஆனா இதையே வேற மாதிரி செஞ்சவங்களும் இருக்காங்க. 2019-ல தெலங்கானாவுல நிஜாமாபாத் எம்.பி. தேர்தல்ல 185 பேர் நின்னாங்க, அதுல 178 பேர் விவசாயிங்க. அவங்களும் நம்மளை மாதிரி மஞ்சள் போடறவங்க. 12 மெஷினை வரிசையா வெச்சுத்தான் ஓட்டுப் போட வேண்டியதாச்சு. நாங்க எல்லா ஆட்சி மேலயும் கோவப்பட்டு நின்னோம். அவங்க மஞ்சள் வாரியம் வேணும்ங்கற கோரிக்கையை வெச்சு, அப்ப இருந்த எம்.பி. கவிதாவுக்கு எதிரா நின்னாங்க. அவங்க தோத்தாங்க. ஜெயிச்சவர் வாரியம் கொண்டு வர்றேன்னு சொல்லி ஓட்டுக் கேட்டவர். கொஞ்சம் இழுத்தாலும் 2025 ஜனவரியில தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்துலயே திறந்தாச்சு.

ஈரோட்டு மார்க்கெட்டுக்கு மஞ்சள் மூட்டை ஏத்திட்டுப் போறப்ப எல்லாம் இந்தக் கணக்குத்தான் மனசுல ஓடுது.