வாய்க்காலுக்கு அப்பால்

ஐரோப்பிய நகரமொன்றைக் கண்டுவரக் கடல் கடக்கத்தான் வேண்டுமோ? வேண்டியதில்லை. எங்கள் சந்தவாசலிலே புறப்பட்டுத் திருவண்ணாமலையும் செஞ்சியும் கடந்து சென்றால், அதோ புதுச்சேரி! 1674-இல் அங்கே காலூன்றிய பிரெஞ்சுக்காரர், 1954-இல் ஆட்சியை ஒப்படைத்துச் சென்றனர். ஆட்சி போயிற்று, அவர்கள் வகுத்த நேர்நேரான தெருக்கள் நிற்கின்றன.

அந்தத் தெருக்களைக் கால்நடையாகவே காட்டி, இடையிடையே உண்டியும் தந்து, கட்டணம் பெறுகிறார்கள் இன்று. நானும் நடந்தேன். மஞ்சள் பூசிய மாளிகைகள். காகிதப்பூ கவிந்த மதில்கள். மேனி தழுவும் கடற்காற்று. அடுப்பிலிருந்து அப்போதே எடுத்த குரோசான் ரொட்டி, விரல் பட்டதும் ஏடு ஏடாக உதிர்ந்தது, வெண்ணெய் மணத்தது. சுவையாகவே இருந்தது. நல்லதை நல்லது என்று கூறப் பகுத்தறிவாளன் தயங்குவானேன்?

வாய்க்காலோரம் வந்ததும், "சுற்றுலா முடிந்தது" என்றார் வழிகாட்டி. முடிந்ததா! நகரை இரண்டாகப் பிளந்த கோடே அந்த வாய்க்கால்தானே! கிழக்கே வெள்ளையர் நகரம். மேற்கே, அவர்கள் வைத்த பெயரால், கறுப்பர் நகரம். மாளிகையைக் காட்டினார்கள், அதை எழுப்பிய பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டினார்களா? தமிழ் நெசவாளன் நெய்த துணி, நீலச்சாயம் தோய்ந்து, கப்பலேறி ஆப்பிரிக்கக் கரைவரை சென்று விலைபோயிற்று. அந்த நீலத்துணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தறியோசை கேட்டு வளர்ந்த என் செவியை அந்த மௌனம் உறுத்திற்று.

வாய்க்காலைக் கடந்தேன். மதில் மறைந்தது, திண்ணை வந்தது. ஆனந்தரங்கர் மாளிகை கண்டேன். பெருமாள் கோயில் தெருவிலே, பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த வீட்டின் முன் நின்றேன். பெரிய அங்காடியின் இரைச்சலைத் தாண்டிச் சென்று, வாழையிலையிலே சுடுசோறும் மீன்குழம்பும் உண்டேன். இதுவும் அந்நகரின் சுவைதான்! இந்நகரின் ஆலைத் தொழிலாளர்தாம் 1936 சூலை 30-இல் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினர். பன்னிருவர் மாண்டனர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. அந்தக் குருதி சிந்திய மண்ணை மிதியாத நடை, எந்த வரலாற்றைக் காட்டும்?

பிரித்தவன் வெள்ளையன் மட்டுந்தானா? பழியை அவன் தலையிலே போட்டுவிட்டு நாம் கைகழுவலாமா? 1745-இல் அந்நகரத் தேவாலயத்தினுள்ளே, தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து நிறுத்த எழுப்பியிருந்த சுவரைப் பற்றி ஆனந்தரங்கரின் நாட்குறிப்பு கூறுகிறது. அவர்கள் வழக்குரைத்த பின்னரே அது இடிபட்டது. மதம் மாறினும் மாறாத சாதி! நான் வியந்த அந்தத் திண்ணையிலும், எல்லோரும் அமர அன்று இடம் இருந்ததா? ஊரெல்லாம் இதே கதை. தொடர்வண்டி நிலைய உணவகங்களிலே பார்ப்பனருக்குத் தனியிடம் இருந்தது, பெரியார் கிளர்ந்தெழுந்தார், 1941-இல் அது ஒழிந்தது.

சுற்றுலாவிலே ஒரே மேசையைச் சுற்றி நாங்கள் பதின்மர் உண்டோம். எவரும் எவர் சாதியையும் கேட்கவில்லை. ரொட்டியைவிட அது எனக்கு இனித்தது. காசு கொடுத்து வந்த ஊரிலே கைகூடும் இந்தச் சமத்துவம், சொந்த ஊர்த் தேநீர்க் கடையிலே கைகூட வேண்டாமா? இரட்டைக் குவளை இன்னும் எங்கெங்கோ ஒளிந்து கிடக்கிறதே, அது நம் நாட்டு வாய்க்கால் அல்லவா?

தோழர்களே! புதுச்சேரிக்குச் செல்லுங்கள், நடந்து பாருங்கள், ரொட்டியும் உண்ணுங்கள், மீன்குழம்பும் உண்ணுங்கள். வழிகாட்டி நிற்குமிடத்திலே நீங்கள் நின்றுவிடாதீர்கள். அங்கே கடக்கப் பழகிய கால்கள், ஊர் திரும்பியதும் சேரிக்கும் தெருவுக்கும் நடுவேயுள்ள கோட்டையும் கடக்கட்டும்!