எண்ணெய் உண்ணும் யந்திரம்

காரின் யந்திர எண்ணெய் சிறிதளவு எரிந்து குறைவது இயல்பே. ஆனால், 2018 இல் நாம் புதிதாக வாங்கிய காரோ, மூன்றாம் ஆண்டில் 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் எண்ணெயை உண்ணலாயிற்று. நிலத்தில் ஒரு துளிக் கசிவும் இல்லை. வேகத்தைக் கூட்டினால் நீலப் புகை எழும்.

விற்ற நிறுவனத்தாரிடம் முறையிட்டோம். "இது வழமைதான்" என்றனர். மூன்றாண்டு உத்தரவாதம் முடிய ஐந்து மாதங்களே எஞ்சின. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், வேறு புதுக் கார் வாங்கவும் வழியில்லை. ஆகவே, அளந்து பார்க்குமாறு எழுத்தில் கேட்டோம்.

அவர்கள் எண்ணெயை மேற்குறிவரை நிரப்பி, மூடிக்கு முத்திரையிட்டு, அதுவரை ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டனர். மேலும் 1,000 கிலோமீற்றர் ஓடியபின், எண்ணெய் அளவுகோலின் கீழ்க்குறிக்கு இறங்கியிருந்தது. நிறுவனத்தின் கைநூல் விதித்த எல்லையை அக்குறைவு மிஞ்சியது. அடுத்து, காலந்தவறாது எண்ணெய் மாற்றியமைக்குச் சான்று கேட்டனர். பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் மேசைமீது வைத்தோம். தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் எமக்குச் செலவின்றி மாற்றப்பட்டன.

கார் வைத்திருப்போரே, வாரமொருமுறை அளவுகோலைப் பாருங்கள். ஊற்றிய எண்ணெயையும் ஓடிய தூரத்தையும் எழுதி வையுங்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பர். எழுதி வைத்த கணக்கு ஏறும்.