பன்னிக்கு கிலோமீட்டர் தெரியுமா?

எங்க கருங்கல் பக்கம் காடு கிடையாது. வாழை, தென்னை, மரச்சீனி, நெருக்கமா வீடுகள், அவ்வளவுதான். ஆனா அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது பேச்சிப்பாறைக்கு மேலே, கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டின ஊரில். போன வாரம் அங்கே போயிருந்தேன். பத்து மாசம் காத்து, பிடுங்க ஒரு வாரமே இருந்த மரச்சீனியை ஒரே ராத்திரியில் பன்னிக்கூட்டம் உழுது போட்டிருந்தது. அத்தான் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவிச்சது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்னியைச் சுடக்கூடாது. ஒண்ணிலிருந்து மூணு வரை பிடித்துக் காட்டில் விடணும். மூணுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். அத்தானின் விளை முதல் கிலோமீட்டருக்குள்ளே.

"பன்னிக்கு கிலோமீட்டர் தெரியுமாடே?" என்றார்.

எனக்கு அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்கா ஓநாய்கள் ஞாபகம் வந்தன. 1926-க்குள் அங்கே ஓநாய்களைக் கொன்னு தீர்த்துட்டாங்க. பிறகு 1995, 96-ல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டாங்க. பூங்காவுக்குள் வேட்டை கூடாது. எல்லையைத் தாண்டினால் மாநிலச் சட்டம். வேட்டைப் பருவத்தில் லைசன்ஸ் இருந்தால் சுடலாம். 832எஃப் என்று எண் போட்ட பெண் ஓநாய் அங்கே பேர்பெற்ற தலைவி. 2012 டிசம்பரில் எல்லைக்கு வெளியே சுட்டாங்க. அதோட அவள் கூட்டமே சிதறிப்போச்சு. 2021-ல் மொன்டானா மாநிலம் பூங்காவை ஒட்டின பகுதியில் இருந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை எடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் மட்டும், பூங்காவை விட்டு வெளியே வந்த 25 ஓநாய்கள் போச்சு.

அத்தான் முழுசும் கேட்டுட்டு, "அவளைச் சுட்டவனுக்கு ஆடு ஏதும் போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தான். வேட்டைப் பருவம், லைசன்ஸ் இருந்துது, சுட்டான்."

"அப்ப அவனும் நானும் ஒண்ணில்ல. எனக்கு பத்து மாசச் சோறு போச்சு."

பதில் சொல்ல முடியல்ல. பட்டணத்தில் இருந்து வாசிக்கிற நீங்களும் இந்த வித்தியாசத்தை மறந்திராதீங்க. கோடு போடுறது ஒருத்தர். அந்தக் கோட்டில் குடியிருக்கிறது வேற ஒருத்தர்.

தயங்கித்தான் அவுட்டுக்காயைப் பற்றிக் கேட்டேன். தீனிக்குள்ளே வெடிமருந்து வைத்துப் போடுவது அது. 2020-ல் பாலக்காடு பக்கம் கர்ப்பிணி யானை ஒண்ணு வாய் வெடிச்சுச் செத்ததே, அந்த மாதிரி வெடிதான்.

"ஒருத்தன் கொண்டுதாறேன்னு வந்தான். வேண்டாம்னு அனுப்பிட்டேன்" என்றார். "விடியக்காலம் ரப்பர் பால் வெட்டுக பிள்ளைக இந்த வழியாத்தான் போகும். கடிக்கது பன்னியா நாயான்னு அதுக்குத் தெரியுமா?"

அன்னைக்கு ராத்திரி டார்ச்சும் தகரடப்பாவுமா நானும் அவர்கூட விளையில் காவல் கிடந்தேன். ரெண்டு மணிக்குப் பன்னி வந்துது. தட்டினோம், போச்சு. மறுநாள் எனக்குக் கருங்கல் பஸ் இருந்தது. அத்தானுக்கு மறுநாளும் காவல்தான்.